எட்டில் நான்கு

பரமநாதன் சாரின் காலுறை நாற்றம் கம்ப்யூட்டர் அறை முழுக்க அடித்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த அறைக்குள் சப்பாத்தோடு போகக் கூடாது. இயந்திரத்துக்குத் தூசி ஆகாது. தரையில் காய்ந்த மண் தடம் இருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் சுளித்தார்.

அவர் கையில் மருந்துக் கம்பெனி அனுப்பிய ஃபேக்ஸ். நாற்பது எலிகளுக்கு ஊசி போட்டதில் இருபத்தெட்டு செத்துவிட்டன. காரணம் என்ன, பொறுப்பு யார் என்று கேட்டிருந்தார்கள்.

ஒரு புது மூலக்கூறு பழைய வலி மருந்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் வேலை. ஒன்றின் எலக்ட்ரான் மேகத்தை மற்றதன்மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்ப்போம். அச்சாகப் பொருந்தினால் விடை 1.00. நாங்கள் கொடுத்தது 0.97. அதை நம்பித்தான் அவர்கள் அந்த மருந்தைச் செய்தார்கள்.

கோளாறை நேற்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன்.

புரோகிராம் எட்டு நிலைகளில் பொருத்திப் பார்க்கிறது. அதில் நான்குதான் நியாயமான திருப்பல். மற்ற நான்கும் மூலக்கூறைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக மாற்றிவிடுகின்றன. இடது கால் சப்பாத்தைக் கண்ணாடியில் காட்டி, வலது காலுக்குச் சரியாக இருக்கிறது என்று விற்ற மாதிரி.

அந்த நான்கையும் நீக்கிவிட்டு ஓட்டினேன். 0.58.

எல்லாவற்றையும் சாரிடம் சொன்னேன். கறிபாப்பை மென்றுகொண்டே கேட்டார். எண்ணெய் விரலால் விசைப்பலகையைத் தட்டினார்.

“சுலைமானும் சேர்ந்து எழுதின புரோகிராம்தானே? அவன்தான் மார்ச்சுல வேலைய விட்டுப் போயிட்டான்லா. அவன் பேரைப் போட்டு லெட்டர் அடிச்சிடு, அருந்ததி.”

என்னோடு இதே அறையில் வேலை பார்த்த சுலைமான் அண்ணன் இப்போது பாகான் டாலாமில் தம்பி வீட்டில் இருக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. சாரின் சிபாரிசுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அது தயாரா என்று வாரம் இரண்டு தடவை எனக்குப் போன் செய்வார். இந்த லெட்டர் போனால் அவருக்கு அந்த வேலை இல்லை.

ஒரு மனிதரைத் தள்ளிவிட இவருக்கு ஒரு கறிபாப் தின்னும் நேரம் போதுமாக இருந்தது. மோவாயில் துணுக்கு ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லவும் அருவருப்பாக இருந்தது.

யார் எந்தப் பகுதியை எழுதினாலும் அதன் தலைப்பில் தன் பெயரெழுத்துகளையும் தேதியையும் போட வேண்டும். அது எங்கள் வழக்கம். சார் எட்டு நிலைகள் இருந்த பகுதியைத் திரையில் தேடிப் பிடித்தார்.

தேதி மட்டும் இருந்தது.

“பாரு, பேர் போடக்கூட அவனுக்குப் பொறுப்பில்ல.” அவருக்கு ஒரே திருப்தி. ஏப்பம் விட்டபடி எழுந்து போனார்.

நாற்றம் போகவில்லை.

நான் உட்கார்ந்து லெட்டரை அடித்தேன். சுலைமான் என்ற பெயரை இரண்டு இடத்தில் போட வேண்டியிருந்தது.

இன்று காலையில் இந்த அறைக் கதவை முதலில் திறந்தவள் நான்தான். யாரும் வருவதற்குள் அந்தத் தேதிக்குப் பக்கத்திலிருந்த என் பெயரெழுத்துகளை அழித்துவிட வேண்டும் என்று ஓடி வந்தேன்.

அந்த அவசரத்தில் சப்பாத்தைக் கழற்றவில்லை.