குளவி குடியிருந்த துப்பாக்கி

வேதமுத்து பட்டாளத்துப் பழைய துப்பாக்கிகளைத் தேடி வாங்கி, பழுது பார்த்துக் கண்ணாடி அலமாரியில் வைப்பார். ஒரு தடவைக்கு ஒரே குண்டு போடும் கிழட்டுத் துப்பாக்கி ஒன்று, துருவெல்லாம் போய் அந்த அலமாரியில் நிற்க ஏங்கிக் கிடந்தது.

அதன் முறை வந்தபோது ஒரு குளவி பதறிக்கொண்டு வந்தது.

"அண்ணே, உங்க குழாய்க்குள்ளதான் கூடு கட்டியிருக்கேன். பிள்ளைங்களுக்கு இன்னும் இறக்கை முளைக்கலே."

"என்னைக் கேட்டுக்கிட்டா கட்டினே?" என்று துப்பாக்கி சீறியது.

வேதமுத்து குழாயைச் சுத்தம் செய்ய, குண்டு போடும் மூடியைத் திறக்கப் பார்த்தார். துப்பாக்கி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பிடிவாதக்காரா! உனக்கு அப்புறம் வர்றேன்," என்று செல்லமாகத் தட்டிவிட்டு, வேறொரு துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்தார். கிழட்டுத் துப்பாக்கிக்கு அழுகை வந்தது. ஆனாலும் மூடியை விடவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் குட்டிக் குளவிகள் குழாயின் வாய்வழியே பறந்து போயின. அன்று வேதமுத்து கை வைத்ததும் மூடி திறந்துகொண்டது.

பளபளவென்று அலமாரிக்குள் நின்ற துப்பாக்கியைத் தேடிவந்து, தாய்க்குளவி கண்ணாடியில் முட்டியது.

"அண்ணே, அடுத்த பிரசவத்துக்கு நான் எங்கே போவேன்?"

துப்பாக்கி குரலைத் தாழ்த்திச் சொன்னது: "இந்த அலமாரிக் கதவுக்குக் கீழே ஒரு இடுக்கு இருக்கு. அவர் சாப்பிடப் போற நேரமாப் பார்த்து வா."