வீட்டுக்காரருக்கும் அதே ஐந்து மணி

கட்டிய கணவர் கொண்டுவந்த விண்ணப்பத்தையே வாங்க மறுத்துவிட்டார் அந்த அம்மா.

அவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு அதிகாரி. கணவர் அதே வளாகத்தில் மண்ணியல் துறையின் மூத்த பேராசிரியர். ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு யார் எழுதினாலும் அந்த அம்மாவின் மேஜைக்குத்தான் வர வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலி உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, விதிவிலக்கு மட்டும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர்.

பேராசிரியர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தபோது ஐந்து தாண்டியிருந்தது. பிரிவில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"மேடம், கடைசி நேரத்துல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிடுச்சு" என்றார். வேலை இடத்தில் அவர்கள் மேடம், சார்தான்.

"கட்டடம் முழுக்கவா சார்?"

"இல்ல, என்னோடது மட்டும்."

"அப்போ விதிவிலக்கு தர முடியாது. உங்க துறையோட மாற்று விண்ணப்பம் போயாச்சு."

பேராசிரியர் கோப்போடு திரும்பிப் போனார். பிரிவின் கணக்கருக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாவம், ஒரு வருஷமாக எழுதினாராம், இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். அதிகாரி அம்மா அவருக்கு வேறு வேலை கொடுத்தார்.

ஒரு துறைக்கு ஒரு விண்ணப்பம்தான். அது வராவிட்டால் அனுப்ப, மாற்றாக இன்னொன்றையும் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. மண்ணியல் துறையில் மாற்று எழுதிக் கொடுத்தது ஒரு இளம் விரிவுரையாளர். ஒப்பந்த வேலை. இந்தப் பருவத்தோடு முடிகிறது. நிதி கிடைத்தால் வேலை நீளும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூத்தவர் இருக்கும்போது மாற்று எங்கே போகப்போகிறது என்று துறைத் தலைவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

விஷயம் காதில் விழுந்ததும் தலைவரே வந்துவிட்டார். பேராசிரியரால் முடியவில்லை என்றால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தன்னுடைய போன வருஷத்து விண்ணப்பம் தயாராக இருக்கிறதே, தேதியை மாற்றினால் முடிந்தது என்று குதித்தார்.

"மாத்தறதுக்குள்ள மணி அஞ்சு ஆயிடுச்சு சார்."

"அந்தப் பொண்ணோடதுல சும்மா உற்சாகப்படுத்தறதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன் மேடம்."

"கையெழுத்துல அப்படி எதுவும் தெரியலையே சார்."

அன்றிலிருந்து வளாகத்தில் இதே பேச்சு. சொந்தப் புருஷனுக்கே இரங்காதவள் நமக்கா இரங்குவாள் என்றார்கள். சிலர் இது ஏதோ வீட்டுச் சண்டையின் மிச்சம் என்று கண்டுபிடித்தார்கள். பேராசிரியரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல் கையைப் பிடித்தார்கள். விரிவுரையாளர் கண் கலங்கி வந்து மன்னிப்புக் கேட்டபோது, அழுகிற நேரத்தில் போய் எந்தக் கருவி வாங்குவது என்று பார் என அவர் விரட்டிவிட்டார்.

அதிகாரி அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. மதியம் தன்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதையும் காட்டிக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. விரிவுரையாளருக்கு நிதி கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் பேராசிரியர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்குக் கெட்ட பெயர் வந்த நாளிலிருந்தே, யாரும் சொல்லாமல் அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சீட்டி வேறு அடித்தார்.

அந்த அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நிதி கிடைச்சது அவளுக்கு. சீட்டி அடிக்கறது நீங்க."

சீட்டி நின்றது.

"துறைப் பொண்ணுக்குக் கிடைச்சா சந்தோஷம்தானே?"

"வேணும்னே லேட்டா வந்தேன்னு இன்னைக்காவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

பேராசிரியர் கையிலிருந்த டம்ளரைத் தேவைக்கு மேல் தேய்த்தார். பிறகு சொன்னார். முன்கூட்டியே விலகியிருந்தால் தலைவர் தேதியை மாற்றிக்கொண்டு வந்து நின்றிருப்பார். அந்தப் பெண் எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, தன்னுடையது அடுத்த வருஷம் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று தோன்றியது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஆபீஸ்ல நடிக்க வேண்டி வந்திருக்கும். உனக்கு அது வராது." கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே."

"அப்புறம் ஏன் இத்தனை மாசம் கேட்கல?"

"தினமும் பாத்திரம் பளபளன்னு இருந்தது. கெடுப்பானேன்னுதான்."

பேராசிரியர் குழாயை மூடினார். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அஞ்சு மணிக்கு முன்னாடியே வந்து, வராந்தாத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னீங்க. அது ஒல்லித் தூண், நீங்க அப்படியில்ல. ஆபீஸ்ல வேற யாரும் பார்த்துடக் கூடாதேன்னு, வெயில் அடிக்குதுன்னு பொய் சொல்லி ஜன்னல் திரையை இழுத்துவிட்டது நான்தான்."