தேறினால்தான் பயணம்

"சோத்தை இப்படிக் குழைய விட்டா என்னடா அர்த்தம்? சனிக்கிழமைக்குள்ள நீ தேறலைன்னா பயணத்தையே ரத்து பண்ணிடுவேன், பாத்துக்கோ!"

நர்ஸம்மாவின் குரல். தெருவே வம்பக்கா என்று அழைக்கும் அடுத்த வீட்டுக்காரி, சர்க்கரை கேட்கும் சாக்கில் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்தாள்.

விடிந்தால் அந்த வீட்டில் ஏதோ அயல்நாட்டு மொழிப் பாடம் கேட்கும். கூடத்தில் பெரிய பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. போதாதா? தண்ணீரைக்கூடத் தானாக ஊற்றிக் குடிக்காத அந்தச் செல்லப்பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற சேதியைத் தெரு முழுக்க ஒலிபரப்பியதே அவள்தான்.

"ஏன் நர்ஸம்மா, குழந்தையை அடுப்படியில வதைக்கிறீங்க? தனியா இருந்தா தானா பழகிடும்."

"குழந்தையா? இருபத்திரண்டு வயசு! நேத்து இவன் துவைச்சதுல வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. நான் பக்கத்துல இல்லாதப்ப இவன் பட்டினி கிடந்தா, எனக்குத் தொண்டையில சோறு இறங்குமாக்கா? எத்தனை வருஷக் கனவு... ஆனா இவன் தேறாம பயணம் கிடையாது."

மூலையில் நர்ஸம்மாவின் கணவர் வெங்காயம் உரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமா, பாசமா என்று வம்பக்காவால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பிள்ளையைப் பிரிஞ்சு எப்படித்தான் இருக்கப் போறீங்களோ!" என்று கிளறிப் பார்த்தாள்.

"அதை மட்டும் கேக்காதீங்கக்கா." நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பையன் தனியாகச் சமைத்துத் தட்டை நீட்டினான். நர்ஸம்மா ஒரு வாய் வைத்தாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே வம்பக்காவும்தான்.

"உப்பு கொஞ்சம் கம்மி. பரவால்ல, பொழைச்சுக்குவே."

பையன் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலை வாசலில் கார் வந்து நின்றது. பையன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். வம்பக்கா ஓடிப் போய் அவன் தலையில் கை வைத்தாள்.

"நல்லா படிச்சு, அங்கேயே நல்ல வேலையா பிடிச்சுக்கோ. ஆனா போன இடத்துல அம்மாவை மறந்துடாதடா!"

"எங்களை மறந்துடாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க அத்தை" என்று அவன் கார்க் கதவைத் திறந்து பிடித்தான்.

முதியோர் பராமரிப்பு படிக்கப் போகிற நர்ஸம்மா, புதுக் கம்பளிக் கோட்டைச் சேர்த்துப் பிடித்தபடி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.