நாலாயிரம் அடி உயரத்தில் பெண் பார்த்தது

வேனை விட்டு இறங்கியதும் வாப்பா பெண்ணின் தகப்பனுக்கு ஸலாம் சொன்னார். அடுத்த மூச்சிலேயே, இந்த இடம் கடல் மட்டத்தில் இருந்து எத்தனை அடி என்று கேட்டார்.

"நாலாயிரம் அடி ஈக்கும்" என்றார் காலிதீன் ஹாஜியார், ஒன்றும் விளங்காமல்.

வாப்பாவின் முகம் மலர்ந்தது. பெண்ணைப் பார்க்கும் முன்பே அவருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

பள்ளத்தாக்கு அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சுற்றிவர மலை, மலை முழுக்கக் காடு, நடுவில் பத்துப் பதினைந்து வீடுகளும் ஒரு சின்னப் பள்ளிவாசலும். ஒரு சத்தம் கிடையாது. கல்முனைச் சந்தையடியில் வளர்ந்த எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

வாப்பா நின்ற இடத்திலேயே நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"கடல் கேக்கல்ல" என்றார் உம்மாவிடம்.

ஆறு மணித்தியாலம் வேன் ஓடி வந்திருக்கிறோம். எப்படிக் கேட்கும்?

ஆனாலும் எனக்கு அவர் மீது கோபம் வராது. சுனாமியில் என் கூடப்பிறந்த மூத்தவள் நபீஸா ராத்தா போனதில் இருந்து அவருக்கு ஒரே யோசனைதான். மிச்சம் இருக்கிற என்னையாவது கடல் எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். நாட்டில் சண்டை முடிந்து, பாதைகளில் சோதனை குறைந்ததும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கலியாணம்.

எங்கள் ஊர் முறையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய் அங்கே குடியிருக்க வேண்டும். அப்படியென்றால் பெண் எந்த உயரத்தில் இருக்கிறாளோ மாப்பிள்ளையும் அந்த உயரத்தில். தரகர் பெண்ணின் படிப்பு, குணம் என்று சொல்லிக்கொண்டே போக, வாப்பா மலையைப் பற்றி மட்டும் திருப்பித் திருப்பி விசாரித்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்தவள்தான் பெண், சிபானா. ஹாஜியாருக்குக் கொண்டுவந்த தயிர் முட்டியை வாப்பா வழி முழுக்க மடியில் வைத்திருந்தவர், கதிரையில் உட்கார்ந்த பிறகும் கீழே வைக்க மறந்துபோனார். பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டத்தைக் கீழே போட்டுவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு அது போதும். இரண்டாயிரம் அடியாக இருந்தாலும் சம்மதம்.

வாப்பா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அப்ப, மகன்ட சாமானையெல்லாம் எப்ப கொண்டுவந்து இறக்குற?"

ஹாஜியார் முழித்தார்.

"எந்தச் சாமான்? மகள்ட சாமானைத்தான் நாங்க கட்டி வெச்சீக்கி. கூட்டிட்டுப் போற நாளச் சொல்லுங்கொ."

அவர்கள் பக்கத்தில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாளாம். தரகர் இரண்டு பேருக்கும் அவரவர் ஆசைப்பட்டதைச் சொல்லி வைத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். அவர் வேனுக்குப் பின்னால் போய், யாருக்கோ அவசரமாக ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், எங்கட ஊரு கடலடி. அண்டைக்குத் தென்னமரத்து உசரத்துக்குத் தண்ணி வந்த" என்றார் வாப்பா.

"அது ஒருக்கா வந்துட்டுப் போச்சி. எங்கட மலை ஒவ்வொரு மழைக்கும் வருது."

ஹாஜியார் எழுந்து பின்கதவைத் திறந்தார். சமையல்கட்டுக்கு அப்பால் ஒரு மரமும் இல்லை. மலை உச்சியில் இருந்து வீட்டு வேலி வரைக்கும் காட்டைக் கிழித்துக்கொண்டு சிவப்பு மண் இறங்கி நின்றது. மூன்று வருடத்துக்கு முந்திய மழையில் சரிந்ததாம். அவருடைய மூத்த மகனும் மருமகளும் வீட்டோடு அதற்குள் போய்விட்டார்கள்.

சிபானாவுக்கு இடம் பார்க்கும்போது அவரும் தரகரிடம் ஒரே ஒரு விசாரணைதான் செய்திருக்கிறார். கல்முனையில் ஏறி நிற்க ஒரு மேடுகூட இல்லை என்று தரகர் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

இரண்டு தகப்பன்மாரும் பின்கதவடியில் நின்று அந்தச் சிவப்பு மண்ணைப் பார்த்தார்கள். இவர் மகனை இனி மலைக்கு விட மாட்டார், அவர் மகளைக் கடலுக்கு விட மாட்டார். வாப்பா திரும்பி வந்து, கதிரையில் விட்டுப்போன தயிர் முட்டியை மறுபடியும் கையில் எடுத்தார். கலியாணம் முறிந்தது என்றே நினைத்தேன். அந்தச் சிரிப்பை இங்கே விட்டுவிட்டு ஆறு மணித்தியாலம் எப்படித் திரும்பிப் போவேன்?

அதுவரை வாய் திறக்காத உம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு வரிப்பத்தான்சேனையில ஒரு வளவு கிடக்கு. கடலும் தூரம், மலையும் தூரம். சுத்திவர வயல்தான். ஆளுக்குப் பாதியா ஒரு வீட்டக் கட்டிக் குடுங்களன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். முட்டி ஒரு வழியாகக் கைமாறியது.

கட்டினார்கள். இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வருகிறார்கள். ஒருவர் முற்றத்தில் நின்று கிழக்கே பார்ப்பார், மற்றவர் மேற்கே பார்ப்பார். பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

போன கிழமை யானை வந்தது. குசினிச் சுவரைத் தள்ளி விழுத்தி, ஒரு மூடை நெல்லைத் தின்று, சிபானாவின் கறிச் சட்டிகளை மிதித்துவிட்டுப் போனது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். வெளியே வரும் முன்பே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு வாப்பாக்கும் சொல்லப்படாது."

மேசன் செல்லத்தம்பி அண்ணனைக் கூட்டிவந்து, இரண்டே நாளில் சுவரை எழுப்பி, பழைய நிறத்திலேயே பெயின்ட் அடித்தாகிவிட்டது.

நாளைக்கு இரண்டு பேரும் வருகிறார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை.