பன்றி விரட்டும் பாட்டு

வனத்துறை சைபுல்லா கம்பத்திலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றித் தன் பைக்கில் வைத்துக் கட்டி முடிக்கும்வரை நீலாம்பாள் வரப்பை விட்டு நகரவில்லை. சம்பா கதிரில் பால் பிடிக்கிற நேரம். காட்டுப்பன்றி இறங்கினால் ஒன்றரை ஏக்கரும் ஒரே நாளில் போச்சு.

"ஒரு வாரந்தாம்மா. கேமரா வச்சிருக்கேன். பன்னி வந்தா ஸ்பீக்கரை நானே கொண்டுவந்து மாட்டிடறேன். வரலேன்னா இது தேவையில்ல, சரியா?" என்றார் சைபுல்லா.

 

எல்லாம் பக்கத்து வயல் அண்ணாதுரை வாத்தியார் செய்த வேலை. ரிடையர் ஆனதிலிருந்து மனுஷனுக்கு மனு எழுதுவதுதான் பொழுதுபோக்கு. சாயங்காலம் ஐந்து மணியானால் நீலாம்பாள் வயலில் எவனோ தொண்டை கிழியக் கத்துகிறான், இரும்புக் கடையை உருட்டிவிட்ட மாதிரி டிரம் அடிக்கிறான், என் மாடு மடியில் கைவைக்க விடமாட்டேன் என்கிறது என்று வனத்துறையில் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாட்டு நீலாம்பாளின் மகன் இளவழகனுடையது. ஹெவி மெட்டல் என்று பேராம். காலேஜில் படிக்கும்போது ஸ்பீக்கரும் பென் டிரைவுமாக வீட்டை இரண்டாக்கியவன், ஓசூரில் வேலை, கல்யாணம் என்று ஆனதும் அதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். பன்றிக்கு ஆகும் என்று சொல்லிப் போன வருஷம் நீலாம்பாள்தான் வயலில் கொண்டுபோய் மாட்டினாள். நல்ல யோசனையாக இருக்கிறதே என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் அதே பாட்டைக் காப்பி பண்ணிப் போட்டார்கள்; காது தாங்காமல் போன அறுவடையோடு நிறுத்திவிட்டார்கள்.

சைபுல்லா நல்ல மனுஷர். நாய் குரைக்கிற மாதிரி சத்தம் போடும் மெஷின் ஒன்று ஆபீசில் சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் அதை வைத்துக்கொள் என்றார். அது சரிவராது சார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. பாலுக்கு உறை ஊற்ற மறந்தாள். ரசத்தை அடுப்பிலேயே பொங்க விட்டாள். ஐந்து மணிக்கு வயலுக்குப் போவாள், வருவாள், முகம் கழுவுவாள், மறுபடி போவாள்.

புருஷன் சாமிதுரைக்குப் பொறுக்கவில்லை. போனவள் கதிரைப் பார்த்தாலும் பரவாயில்லை, மொட்டைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்தில் அவள் கால் வேறு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டே இருந்தது. நரம்புக் கோளாறோ என்று பயந்துபோய் சுகர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். நார்மல்.

நடுவில் மூன்று தடவை சைபுல்லாவுக்கு போன் போட்டாள். பன்னி வந்துச்சா சார் என்று ஒரே கேள்வி. வரலம்மா, நிம்மதியாத் தூங்கு என்று அவரும் ஒரே பதில். அதற்கப்புறம் அவளுக்கு எங்கே தூக்கம்?

எட்டாம் நாள் பஞ்சாயத்து ஆபீசில் லேப்டாப்பைத் திறந்தார் சைபுல்லா. நீலாம்பாள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒரு கீரிப்பிள்ளை வந்தது. அப்புறம் நாலைந்து கொக்கு. பட்டப்பகலில் அண்ணாதுரை மாடு வந்து சாவகாசமாக நாலு வாய் கதிர் தின்றுவிட்டுப் போனது. வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

பன்றி? ஒரு குட்டிகூட இல்லை.

சாமிதுரைக்கு வாயெல்லாம் பல். வெள்ளாமை தப்பித்தது, இனிமேல் கத்தலும் இல்லை. வந்த சந்தோஷத்தில், மார்கழி முடிவதற்குள் ஸ்பீக்கரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சபையில் வாக்கு வேறு கொடுத்துவிட்டார். அண்ணாதுரை முதல் ஆளாகக் கைதட்டினார். சாமிக்கென்று சொன்னதைத் திரும்பக் கேட்க எந்த வீட்டில் நாக்கு எழும்பும்?

நீலாம்பாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது. சைபுல்லா பதறிப்போய் எழுந்து வந்தார்.

"என்னம்மா இது? பன்னி வரலேன்னு சொல்றேன், சந்தோஷப்படாம அழுவுறே?"

அவள் புருஷனைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"பன்னி என்னைக்கு சார் வந்துச்சு? அந்தப் பாட்டைக் கேக்காம எனக்குத்தான் இருக்க முடியல."