ஆளுக்குப் பத்துச் செடி

"மேடம், பாண்டி என்னையப் பாத்துக் காப்பியடிக்கிறாப்ல!"

போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டச் சரிவில் நின்றிருந்த பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். தேவகிருபையின் தோளுக்கு மேலே பாண்டியின் செல்போன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரே செடிய ரெண்டு பேரும் எடுக்கக் கூடாது. தனித்தனியாப் போய்த் தேடுங்க."

"தேடுனா அட்டை கடிக்குது மேடம்."

"கடிக்கட்டும். அதையும் ஒரு படம் எடுங்க."

பொற்கொடி இந்த வேலைக்கு வந்து மூன்றே மாதம். செடியைப் படம் பிடித்தால் அதன் பெயரையும், படம் எடுத்த இடத்தையும் காட்டும் செயலி எல்லாருடைய செல்போனிலும் இருந்தது. பகல் ஒரு மணிக்குள் பதினான்கு பேரும் ஆளுக்குப் பத்துச் செடி ஏற்ற வேண்டும். ஒருவர் குறைந்தாலும் வெளிவகுப்புத் திட்டமே வேண்டாம், பழையபடி நாலு சுவருக்குள்ளேயே பாடம் நடக்கட்டும் என்று கல்வி அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தனக்கு வகுப்பை அடக்கத் தெரியவில்லையோ என்ற பயம் காலையிலிருந்தே அவளுக்கு.

"மேடம், இந்தச் செல்லு பொய் சொல்லுது," என்றது முனீஸ்வரியின் குரல். "ஏலச்செடிய இஞ்சிக் குடும்பங்குது. செடியில காயவும் காணோம். எப்படி நம்புறது?"

"காய எங்க தேடுறீங்க?"

"மேலதான்."

"போடியில பொறந்து வளந்துட்டு அண்ணாந்து பாக்குறீங்களே! கீழ குனிங்க."

தூரடியில், தரையோடு தரையாக, சரம் சரமாகப் பச்சைக் காய்.

"ஆத்தாடி!" என்று எல்லாரும் ஓடி வந்து, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு படம் எடுத்தார்கள். பொற்கொடி தலைகளை எண்ணினாள். பன்னிரண்டுதான். பாண்டியையும் பிரபாகரனையும் காணவில்லை.

அரை மணி கழித்து இருவரும் வாயைத் துடைத்துக்கொண்டே சரிவில் இறங்கி வந்தார்கள்.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

"பத்துச் செடியும் முடிச்சாச்சு மேடம். நல்லாப் பாத்துக்கங்க."

பொற்கொடி பார்த்தாள். இருபது படமும் ஒரே இடத்தில் எடுத்தவை என்று செயலி காட்டியது. மேல் வளைவு டீக்கடை. ரோஜாத் தொட்டி, துளசித் தொட்டி, கொத்தமல்லிக் கட்டு, வடைக்கு விரித்த வாழையிலை. ஏழாவது படத்துக்கு மட்டும் பெயர் வரவில்லை. அது கல்லாப்பெட்டி மேலிருந்த பிளாஸ்டிக் பூ.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல மாப்ளே, பிளாஸ்டிக்கு வேணாம்னு," என்று பிரபாகரனின் முழங்கை பாண்டியின் விலாவில் இடித்தது.

"இத அப்படியே மேல அனுப்பவா?"

"ஐயையோ மேடம்! மானம் போயிரும். வெரசா எடுத்துட்டு வந்துர்றோம்."

இருவரும் புதருக்குள் பாய்ந்தார்கள். கடைசிப் படம் ஏறியபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு. பாண்டியின் சட்டையெல்லாம் சேறு, காதோரம் சிலந்தி வலை.

"மேடம், இன்னும் ரெண்டே ரெண்டு எடுத்துக்கட்டுமா?"

"போதும், போதும். ஜீப்புல ஏறுங்க." பொற்கொடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பதினான்கும் சரி. இனி வகுப்பு வெளியேதான்.

ஜீப்பில் கால் வைத்த பாண்டி, தயங்கித் திரும்பினார்.

"ஒரு சந்தேகம் மேடம். திங்கக்கிழமை எங்க ஸ்கூல் பிள்ளைகளக் கூட்டிட்டு வரணும்ல? அதுக இந்த மாதிரிச் சேட்டை பண்ணா எப்படிச் சமாளிக்கிறது?"

பயிற்சிக்கு வந்திருந்த மற்ற பதிமூன்று தலைமையாசிரியர்களும் பதிலுக்காக ஜீப்புகளுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்கள்.