குதிரையும் சேர்த்து

கடைசிச் சிப்பாயின் கழுத்தில் உளியை வைத்திருந்தபோது தம்பி வந்து வாசலில் நின்றான்.

அவள் திரும்பவில்லை. கடைசல் மெஷின் ஓடும்போது திரும்பக் கூடாது. திரும்பவும் அவளுக்கு மனமில்லை. வந்திருப்பது யாரென்று சென்ட் வாசனையே சொல்லிவிட்டது.

முன்பக்கத்துக் கடைக்கும் பின்பக்கத்துப் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான். இதுவரை அதைத் தாண்டி அவன் உள்ளே வந்ததாக அவளுக்கு நினைவில்லை. தூசி அவனுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. அம்மா அவனை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட விட்டதில்லை.

அவளுக்கு மட்டும் தூசி ஆகும் போலிருக்கிறது.

சிப்பாயை உப்புத்தாளால் ஒரு பிடி பிடித்து, அறுத்தெடுத்து, மோட்டாரை நிறுத்தினாள்.

"கையில என்னக்கா கட்டு?" என்றான், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே வந்து, மேசையில் இருந்த சதுரங்கப் பெட்டியைத் திறந்துவிட்டான்.

ராஜா, ராணி, மந்திரி, யானை, குதிரை, எல்லாம் வெல்வெட் குழிகளில் படுத்திருந்தன. ஒரு குழி மட்டும் காலி. அவள் சிப்பாயின் அடித் துளையில் ஈயத்தை அழுத்தி, ஊதி அதில் வைத்தாள்.

"கண்ணே பட்டுடும். நாளைக்குப் பரிசு நமக்குத்தான்."

நமக்கு. மரத்தூளைவிட மோசமாக அந்தச் சொல் அவள் தொண்டையில் ஒட்டியது.

கண்காட்சியில் பெட்டிக்கு முன்னால் ஒரு அட்டை வைப்பார்கள். செய்தவர் பெயர் போட. அதில் தன் பெயரைப் போடச் சொல்லி நேற்றுத்தான் கேட்டாள். வாழ்க்கையில் அவனிடம் கேட்ட ஒரே விஷயம். கடைப் பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும் என்றான். முறை அதுதானாம்.

பலகையில் இருப்பது அவன் பெயர். அவன் தவழத் தொடங்கும் முன்பே அப்பா எழுதி மாட்டியது. அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

"ஒரு சின்னச் சிக்கல்க்கா. பரிசு குடுக்கறவங்க, முன்வரிசையில உக்கார்றவங்க எல்லாருமே கடைசல்காரங்களாம். மேடையில நிக்க வெச்சு ஏதாவது கேப்பாங்க. நாலு வரி சொல்லிக் குடேன்."

அவள் உளியைக் கீழே வைத்தாள். கையில் இருந்தால் நல்லதில்லை.

"நீயே வாயேன்னு சொல்லலாம். உனக்கெதுக்குக்கா அந்த அலைச்சல்?" என்று அவனே கேட்டு, அவனே தலையாட்டிக்கொண்டான்.

சொல்லிக் கொடுத்தாள். கறுப்புக் காய்க்குச் சாயம் பூசவில்லை, மரத்தின் நிறமே அதுதான். ஒவ்வொரு காயின் அடியிலும் ஈயம் இருக்கிறது, அதனால்தான் தட்டினாலும் சாயாது. எல்லாம் உண்மை. அவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி முணுமுணுத்து மனப்பாடம் செய்தான்.

"அப்புறம்?"

அவள் யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வந்தது.

"முப்பத்திரண்டு காயும் இந்த மெஷின்ல கடைஞ்சதுன்னு சொல்லு. வேற ஒரு ஆயுதம் தொடலன்னு சொல்லு."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். 'போக்கா, யார்கிட்ட கதை விடற' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளும் சிரித்துவிடுவாள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். உள்ளதை உள்ளபடி சொல்லிப் பெட்டியையும் அவளே துடைத்துக் கொடுத்து அனுப்புவாள்.

அவன் ஒரு குதிரையை எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். விறைத்த காது, விரிந்த மூக்கு, சுருள் சுருளாக இறங்கும் பிடரி. கட்டை விரலால் தடவினான்.



"குதிரையும் சேர்த்தா?"

இன்னும் நேரமிருந்தது.

"குதிரையும் சேர்த்துத்தான்டா. ஒரே சுத்துல வந்துச்சுன்னு சொல்லு."

"ஒரே சுத்துல," என்று அவன் வியந்தான். "சும்மா சொல்லக் கூடாதுக்கா, நம்ம மெஷின் மெஷின்தான்."

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினான். கதவைக் காலால் தள்ளும்போதே மேடைக் குரல் வந்துவிட்டது. "முப்பத்திரண்டும் இந்தக் கையால கடைஞ்சதுங்க. குதிரைகூட ஒரே சுத்துல..."

அவனைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவோமோ என்று பயந்து அவள் மோட்டாரைப் போட்டாள்.

மரம் மாட்டாத மெஷின் வெறுமனே சுழன்றது. அதற்கு உருண்டையை விட்டால் வேறு எதுவும் தெரியாது. கட்டில் கால், பம்பரம், சிப்பாயின் தலை, எதைக் கேட்டாலும் உருட்டித்தான் கொடுக்கும். அரைமணி நேரம் அதன் முன்னால் நின்ற யாருக்கும் இது தெரியும். காதும் மூக்கும் பிடரியும் அதில் வராது.

அவள் கட்டை விரலில் இருந்த கட்டுத்துணியை அவிழ்த்தாள். மடியில் வைத்து நான்காவது குதிரையின் காதைச் செதுக்கும்போது கத்தி இறங்கிய இடம் இன்னும் ஆறவில்லை.